நோபல் வாங்காத ஆர்மன் ஆல்ச்சியனை நோபல் வாங்கியவர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார். ஆர்மன் ஆல்ச்சியன் என்ற பொருளியல் பேராசிரியர் அர்மேனியரா, அமெரிக்கரா? நோபல் பரிசு வாங்காத அவரை அந்தப் பரிசை வாங்கியவர்கள் ஏன் தங்கள் ஆசான் என்கிறார்கள்? ஹைட்ரஜன் குண்டின் ரகசியத்தை அவர் பங்குச் சந்தை விலைகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் என்பது நடந்ததா, இல்லை யாரோ கட்டிவிட்டதா? மூன்றாவதைத்தான் எல்லோரும் ஆவலோடு கேட்பார்கள். இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் மூன்றாவதும் தானாக விளங்கிவிடும் என்பது என் எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் நுண்ணினப் பொருளியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆல்ச்சியனை நேரில் பார்த்ததில்லை. கட்டுரைகள் வழியாக வந்த பழக்கம்தான். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு விடை எளிது. 1914 ஏப்ரல் 12 அன்று கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் அர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர். குடியுரிமையால் அமெரிக்கர், குலத்தால் அர்மேனியர். 'யன்' என்று முடியும் குடும்பப் பெயரே அதைச் சொல்லிவிடும். ஆனால் ஃபிரெஸ்னோ என்றால் என்ன என்று தெரியாமல் இந்த விடை முழுமையாகாது. சான் வாக்கின் பள்ளத்தாக்கில் திராட்சையும் உலர்திராட்சையும் விளையும் ஊர் அது. ஒட்டோமான் பேரரசின் கொடுமைகளிலிருந்து தப்பிவந்த அர்மேனியர்கள் 1880களிலிருந்தே அங்கே குடியேறித் தோட்டம் போட்டார்கள். எழுத்தாளர் வில்லியம் சரோயன் பிறந்ததும் அதே ஊரில்தான், 1908இல். உழைத்து நிலம் வாங்கினார்களே தவிர, ஊர் அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. நகரத்தின் சில பகுதிகளில், வீட்டுப் பத்திரத்திலேயே 'அர்மேனியருக்கு விற்கக் கூடாது' என்று நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். அர்மேனியர்கள் வெள்ளையர்தானா என்பதே நீதிமன்றம் வரை போனது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்ததை நம்மவர்கள் சிலர் அறிந்திருக்கலாம். அந்தத் தீர்ப்பின் சூட்டிலேயே, போர்ட்லண்டு நகரக் கம்பள வணிகர் ஒருவரின் குடியுரிமையைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. கார்ட்டோசியன் என்பது அவர் பெயர், அவர் அர்மேனியர். 1925இல் அவர் வென்றார். ஆல்ச்சியனுக்கு அப்போது பதினொரு வயது.

படிப்பும் வேலையும் அதிகத் திருப்பங்கள் இல்லாதவை. ஃபிரெஸ்னோவில் இரண்டு ஆண்டுகள் கல்லூரி, பிறகு ஸ்டான்ஃபோர்டு. 1936இல் இளங்கலை, 1943இல் முனைவர் பட்டம். போர்க்காலத்தில் ராணுவ விமானப் படையில் புள்ளியியல் வேலை. 1946இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அங்கேதான். கூடவே, பக்கத்துச் சான்டா மோனிகாவில் விமானப் படைக்காக ஆராய்ச்சி செய்த ராண்ட் நிறுவனத்துக்கும் நெடுநாள் போய்வந்தார். 2013 பிப்ரவரியில், 98ஆம் வயதில் மறைந்தார். கோல்ஃப் மீது தீராத ஆசை. எழுதியது குறைவு, இன்றைய கணக்குப்படி ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணினால் பதவி உயர்வு கிடைப்பதே கடினமாக இருந்திருக்கும்.

அவரைப் பெயர் சொல்ல வைத்தது 1950இல் வந்த ஒரு கட்டுரை. முதலாளிகள் லாபத்தை உச்சமாக்குகிறார்கள் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. எந்த முதலாளியிடம் போய்க் கேட்டாலும் அப்படியெல்லாம் கணக்குப் போட்டு நடத்துவதில்லை என்பார். அப்படியானால் பாடநூல் பொய்யா? ஆல்ச்சியன் ஓர் உவமை சொல்கிறார். சிகாகோவிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் காரில் புறப்படுகிறார்கள். எந்தச் சாலை என்று யோசிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு சாலையைப் பிடிக்கிறார்கள். ஒரே ஒரு சாலையில் மட்டும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. மற்ற சாலைகளில் போனவர்கள் எல்லாம் நடுவழியில் நின்றுவிடுவார்கள். கடைசியில் யார் பயணத்தைத் தொடர்வார்கள் என்று பொருளியலாளர் சரியாகச் சொல்லிவிடலாம். ஓட்டியவர்களில் ஒருவருக்குக்கூடப் புத்தி இருக்க வேண்டியதில்லை. போட்டி இருக்கும் இடத்தில் சூழலே சலித்தெடுத்துவிடும், ஆட்களின் அறிவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம் என்பது வாதம். பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1952இல் இதைக் கடுமையாக விமர்சித்தார். மனிதர் செடி கொடி அல்லர், யோசித்து முடிவெடுப்பவர், சூழலையே மாற்றக்கூடியவர் என்றார். ஆல்ச்சியன் பதில் எழுதினார். என்னைக் கேட்டால் பென்ரோஸின் அடி பலமாகவே விழுந்திருக்கிறது. ஆனால் அந்தச் சாலை உவமையைக் கேட்ட மாணவன் யாரும் அதை மறந்ததில்லை.

அந்தக் கட்டுரை வந்த 1950ஆம் ஆண்டு ஜனவரியில் ராண்டில் ஒரு சின்ன விளையாட்டு நடந்தது. மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் என்ற இரு கணிதவியலாளர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து, நூறு முறை திரும்பத் திரும்ப ஆட வைத்தார்கள். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் சில்லறை கிடைக்கும். ஒருவர் ஒத்துழைத்து மற்றவர் காலை வாரினால், வாரியவருக்கு அதிகம். பின்னாளில் 'கைதியின் இக்கட்டு' என்று உலகப் புகழ் பெற்ற ஆட்டம் இதுதான். அந்தப் பெயர் அப்போது இன்னும் சூட்டப்படவில்லை. ஆடியவர்களில் ஒருவர் ராண்டின் கணிதப் பிரிவுத் தலைவர் ஜான் வில்லியம்ஸ், இன்னொருவர் நம் ஆல்ச்சியன். ஒவ்வொரு சுற்றிலும் மனதில் பட்டதை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒத்துழைத்தால் வில்லியம்ஸுக்கு ஒரு சென்ட், ஆல்ச்சியனுக்கு அரை சென்ட் என்று பங்கீடே கோணலாக இருந்தது. அது ஆல்ச்சியனை உறுத்தியது. அவ்வப்போது காலை வாரினார். வில்லியம்ஸோ, குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம் சொல்லிக்கொடுப்பது போல இருக்கிறது, பொறுமை வேண்டும் என்று எழுதி வைத்தார். நூறில் அறுபது முறை இருவரும் ஒத்துழைத்தார்கள். மற்றவர் என்ன செய்தாலும் காலை வாருவதே தனக்கு லாபம் என்பதால், கோட்பாட்டின்படி ஒரு முறைகூட நடந்திருக்கக் கூடாது. போட்டிச் சந்தையின் வக்கீல் என்று பெயரெடுத்தவர் 68 முறை ஒத்துழைத்திருக்கிறார் என்பதை நினைத்து நான் பல முறை சிரித்ததுண்டு.

இப்போது குண்டுக் கதை. நடந்ததாக ஆல்ச்சியனே முதுமையில் எழுதியது இது. ஹைட்ரஜன் குண்டுக்கு முக்கியமான உலோகம் எது என்று ராண்டில் இருந்த பொருளியல்காரர்களுக்கு ஒரு குறுகுறுப்பு. லித்தியமா, பெரிலியமா, தோரியமா? பக்கத்து அறை இயற்பியலாளர்கள் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. 'சரி, நானே கண்டுபிடிக்கிறேன்' என்றார் ஆல்ச்சியன். அமெரிக்க வணிகத் துறையின் ஆண்டு நூலை எடுத்து, எந்த உலோகத்தை எந்த கம்பெனி தயாரிக்கிறது என்று பார்த்தார். அந்தக் கம்பெனிகளின் பங்கு விலையைக் கடைசி ஆறு மாதத்துக்குத் தொடர்ந்து எழுதிப் பார்த்தார். அவர் நினைவின்படி, ஒரு கம்பெனியின் பங்கு மட்டும் ஆகஸ்டில் இரண்டு மூன்று டாலராக இருந்தது, டிசம்பரில் பதின்மூன்று டாலருக்குப் போயிருந்தது. அமெரிக்க லித்தியம் கார்ப்பரேஷன். ஜனவரியில் 'பங்குச் சந்தை பேசுகிறது' என்று தலைப்பிட்டு அலுவலகத்துக்குள் ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தது. பிப்ரவரியில் குண்டு வெடித்தது.

இதில் எது உறுதி, எதில் கொஞ்சம் தயங்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறேன். லித்தியம்தான் விடை என்பது உறுதி. 1952 நவம்பரில் அமெரிக்கா வெடித்த முதல் ஹைட்ரஜன் சாதனம் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனின் திரவத்தில் இயங்கியது. வீடு அளவுக்குப் பெரியது, விமானத்தில் ஏற்ற முடியாதது. லித்தியம் சேர்மத்தை எரிபொருளாக வைத்து அமெரிக்கா செய்த முதல் வெடிப்பு, பிக்கினி தீவில் 1954இல் நடந்த 'காசில் பிராவோ'. விஞ்ஞானிகள் போட்ட கணக்கைப் போல இரண்டரை மடங்காக, 15 மெகா டன் வெடித்தது. 'அது மார்ச் 1 அல்லவா, பிப்ரவரி என்று கிழவர் தவறாக எழுதியிருக்கிறாரே' என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். பிக்கினியில் மார்ச் 1 விடியற்காலை என்றால், கலிஃபோர்னியாவில் அது பிப்ரவரி 28. கிழவர் சரியாகத்தான் எழுதினார். விலைகளைப் பொறுத்தவரை, ஜோசப் மைக்கேல் நியூஹார்டு என்பவர் பழைய பங்கு விலைகளைத் தோண்டியெடுத்து, 2014இல் ஆய்விதழில் வெளியிட்டார். லித்தியம் கார்ப்பரேஷன் பங்கு 1953இல் மற்ற கம்பெனிகளையும் சந்தைக் குறியீட்டையும் வெகுதூரம் தாண்டி ஏறியது உண்மைதான் என்று அதில் தெரிந்தது. இரண்டு மூன்று டாலர், பதின்மூன்று டாலர் என்ற எண்களை மட்டும் ஐம்பது ஆண்டு கழித்து வந்த நினைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'என் நினைவுக்கு எட்டியவரை' என்று அவரே சேர்த்துக்கொண்டார். குறிப்பு திரும்பப் பெறப்பட்டதற்கு அவர் வாக்குமூலமே சாட்சி. ஒரு நிகழ்வு பங்கு விலையை எப்படி அசைக்கிறது என்று பார்ப்பதை 'நிகழ்வு ஆய்வு' என்பார்கள். உலகின் முதல் நிகழ்வு ஆய்வு இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள், அதை நான் ஏற்க மாட்டேன். ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிப்பது விலையை எப்படிப் பாதிக்கிறது என்று ஜேம்ஸ் டாலி 1933லேயே பார்த்துவிட்டார்.

இந்தக் கதையில் சாமர்த்தியத்தைவிட எனக்குப் பிடித்தது அவர் கேள்வி கேட்ட விதம். ரகசியம் யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ரகசியம் உண்மையாக இருந்தால் யார் பை நிறையும் என்று கேட்டார். அவர் வாழ்நாள் வேலை முழுவதையும் இந்த ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம். லாபம் யார் மடியில் விழுகிறது, நட்டம் யார் தலையில் விடிகிறது? சொத்துரிமை என்று அவர் சொன்னது பத்திரத்தையும் வேலியையும் அல்ல. ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பவர் யார், அந்த முடிவின் பலனைச் சுமப்பவர் யார், இருவரும் ஒருவரேதானா என்பதைத்தான். இருவரும் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் பாட்டிமார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஆல்ச்சியன் அந்த நெய்க்குக் கோட்பாடு எழுதினார்.

அதைச் சொந்தப் பிழைப்பின் மீதே பிரயோகித்துப் பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை. 1958இல், பேராசிரியர்களுக்கு மட்டும் ஏன் ஆயுள்காலப் பணிப் பாதுகாப்பு என்று எழுதினார். அறிவுச் சுதந்திரத்துக்காக என்று எல்லோரும் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் மிச்சமாகும் பணத்தை யாரும் லாபமாக வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அதனால் திறமையற்றவரை வைத்துக்கொள்வதில் நிர்வாகிக்குச் சொந்த நட்டம் எதுவும் இல்லை என்றார் இவர். சக ஆசிரியர்கள் அறையில் இதை நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அன்று எனக்கு யாரும் காபி வாங்கித் தரவில்லை. 1962இல் ரூபன் கெசலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. லாபத்துக்கு அரசு உச்சவரம்பு போட்டிருக்கும் ஏகபோகக் கம்பெனியில் முதலாளி தன் ஆதாயத்தைப் பணமாக எடுக்க முடியாது. வேறு வகையில் எடுப்பார். அழகான அலுவலகம், சோம்பலான நாட்கள், தனக்குப் பிடித்த இனத்து ஊழியர்கள். ஆகவே பிடிக்காத இனத்தாரை ஒதுக்குவது போட்டி உள்ள தொழிலைவிட அங்கே மலிவாக இருக்கும் என்றார்கள். 'அர்மேனியருக்கு விற்கக் கூடாது' என்ற பத்திரங்கள் இருந்த ஊரில் வளர்ந்த பையனின் கையெழுத்து இதில் எனக்குத் தெரிகிறது. இது என் ஊகம்தான்; அந்தக் கட்டுரையில் ஃபிரெஸ்னோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1972இல் ஹெரால்டு டெம்செட்ஸுடன் எழுதிய கட்டுரை. இரண்டு பேர் சேர்ந்து கனமான சரக்கை லாரியில் தூக்கி ஏற்றுகிறார்கள். ஒருவர் பாதி பலத்தைத்தான் போடுகிறார். ஏறிய சரக்கைப் பார்த்து அவர் யார் என்று சொல்ல முடியுமா? முடியாது. எனவே கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். கண்காணிப்பவரே கண்ணயர்ந்தால்? எல்லோருக்கும் கூலி கொடுத்தது போக மிஞ்சுவது அவருக்கு என்று வைத்துவிட்டால் அவர் தூங்க மாட்டார். அவர்தான் முதலாளி, இதுதான் கம்பெனி. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஆய்விதழ் தன் நூற்றாண்டையொட்டி 2011இல் தேர்ந்தெடுத்த இருபது கட்டுரைகளில் இதுவும் ஒன்று. சீனாவில் படகை இழுத்துச் செல்லும் கூலிகள் தங்களைச் சாட்டையால் அடிக்கத் தாங்களே ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார்கள் என்ற கதையையும் இந்தக் கட்டுரையில் வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அது இதில் இல்லை; ஆல்ச்சியனிடம் படித்த ஸ்டீவன் சங் 1983இல் எழுதியது அது.

இந்தக் கட்டுரையோடு எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. முதலாளிக்குத் தொழிலாளி மேல் தனி அதிகாரம் எதுவும் கிடையாது என்கிறார்கள் ஆல்ச்சியனும் டெம்செட்ஸும். இந்தக் கடிதத்தை டைப் செய் என்று சொல்வதும், மளிகைக் கடைக்காரரிடம் அந்த ரொட்டி வேண்டாம், இந்த மீன் டப்பாவைக் கொடு என்று சொல்வதும் ஒன்றே என்கிறார்கள். மளிகைக் கடையை மாற்றுபவனுக்கு நாளைக்கு வீட்டு வாடகை கொடுக்கும் கவலை இல்லை. வேலையை விடுபவனுக்கு உண்டு. லாபநட்டம் யார் தலையில் என்று எல்லா இடத்திலும் கேட்டவர்கள், இங்கே மட்டும் அதைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

வகுப்பில் எனக்கு அதிகம் கைகொடுத்தது வில்லியம் ஆலனுடன் அவர் 1964இல் எழுதிய பாடநூலில் வரும் திராட்சை. ஃபிரெஸ்னோக்காரர் அல்லவா, உதாரணத்துக்கும் திராட்சைதான் வந்தது. கணக்குக்காக, கலிஃபோர்னியாவில் நல்ல திராட்சை பத்து சென்ட், சாதாரணத் திராட்சை ஐந்து சென்ட் என்று வையுங்கள். நியூயார்க்குக்கு அனுப்பும் கூலி இரண்டுக்கும் ஒரே ஐந்து சென்ட். கலிஃபோர்னியாக்காரர் நல்லதைத் தின்ன வேண்டுமானால் சாதாரணத்தில் இரண்டு பங்கை இழக்கிறார். நியூயார்க்கில் பதினைந்துக்குப் பத்து. ஒன்றரைப் பங்கை மட்டும் இழந்தால் போதும். விலை கூடினாலும், ஒப்பிட்டால் நல்லது அங்கேதான் மலிவு. அதனால் நல்ல சரக்கு ஊரைவிட்டுப் போகிறது. இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடற்கரை ஊரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்தான். 'ஐயா, எங்கள் அப்பா பிடிக்கும் பெரிய இறால் எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறிவிடும். எங்கள் வீட்டுக் குழம்பில் என்றைக்கும் பொடி இறால்தான்' என்றான். அப்புறம் நான் அந்தப் பாடத்தை விளக்கவே இல்லை. அவன் வீட்டு இறாலுக்கு இந்த விதி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வாங்கும் வெளிநாட்டான் கையில் பணம் அதிகம் என்பதும் சேர்ந்தது. பரீட்சைத் தாளில் இரண்டையும் பிரித்து எழுதியவர்களுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன்.

மிஞ்சியது நோபல். 1990இல் பரிசு பெற்ற வில்லியம் ஷார்ப், ராண்டில் வேலை பார்த்துக்கொண்டே லாஸ் ஏஞ்சலஸில் ஆல்ச்சியனிடம் முனைவர் பட்டம் செய்தவர். பரிசையொட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் ஆல்ச்சியனைத் தன் முன்மாதிரி என்றே குறிப்பிடுகிறார். எதையும் கேள்வி கேள், அடிப்படையிலிருந்து தொடங்கு, முக்கியமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கு, உன் கருத்துக்கு எதிராக நீயே வாதாடிப் பார் என்று கற்றுக்கொண்டாராம். நோபல் வாங்கிய இன்னொரு பொருளியலாளரான ஹாயக்கும் ஆல்ச்சியனுக்குப் பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்று கருதியதாகச் சொல்கிறார்கள். அது செவிவழி வந்தது, அதற்கு மேல் அதில் பாரம் ஏற்ற வேண்டாம். சொத்துரிமையையும் நிறுவனங்களையும் பற்றி எழுதியதற்காக 1991இல் ரொனால்டு கோஸுக்குப் பரிசு கிடைத்தபோது அந்தத் துறை வாசல் வரை வந்துவிட்டது, இவர் வெளியில் நின்றுவிட்டார். ஏன் என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். அவர் எழுத்தில் சமன்பாடுகள் அரிது. எண்ணிக்கையிலும் கட்டுரைகள் கொஞ்சம். பாதி வேலை வகுப்பறையில் பேச்சாகவே போய்விட்டது. எனக்குப் படும் காரணங்கள் இவை, குழுவின் மனதை நான் அறியேன்.

சமன்பாடுகள் இல்லாதது கேட்டவருக்கு வசதிதான். ஆலனுடன் எழுதிய பாடநூலின் திருத்திய வடிவம் அவர் இறந்த பின் 2018இல் வெளிவந்தது. தடித்த புத்தகம், அதில் தொடங்க வேண்டாம். 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் சிகாகோ சாலைகள் வரும் பக்கத்தை முதலில் படியுங்கள். பிறகு பென்ரோஸின் மறுப்பை எடுங்கள். இருவரில் யார் பக்கம் சாய்கிறீர்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.